அசிட்டோன் வடிக்கும்போது தெர்மாமீட்டர் 48-ஐத் தாண்டவில்லை, உதவுங்கள்

பாளை மாணவி:
பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். கண்ணாடிச் சாமான் கழுவிய அசிட்டோன் கரைப்பானை மறுபடி பயன்படுத்தலாம் என்று காய்ச்சி வடிக்கிறேன். சொட்டு நன்றாகவே விழுகிறது, ஆனால் தெர்மாமீட்டர் 48-லேயே நிற்கிறது. கொதிநிலை 56 டிகிரி செல்சியஸ் ஆச்சே? நடுநடுவே குடுவை ‘டப்’பென்று தூக்கிப் போடுகிறது, ரிசீவர் (வடிந்தது வந்து விழும் பாத்திரம்) பக்கம் வாடையும் அடிக்கிறது. தெர்மாமீட்டர் பழுதா?

கல்லிடை அண்ணாச்சி:
பழுதாக இருக்காது தாயி. தெர்மாமீட்டரின் அடிக்குமிழ், ஆவி வெளியேறும் பக்கக் குழாய்க்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் ஆவி அதைச் சரியாகத் தொடாமலே கண்டன்சருக்குள் (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் குழாய்) போய்விடும். குமிழின் மேல் விளிம்பு பக்கக் குழாயின் கீழ் விளிம்புக்கு நேராக வரட்டும். வடிக்கும் நேரமெல்லாம் குமிழ் நனைந்து, நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

குடுவை குதிப்பதற்குப் பீங்கான் துண்டு போடுங்கள், சூடேற்றும் முன்பே. சூடான திரவத்தில் போட்டால் மொத்தமும் பொங்கி வெளியே வந்துவிடும். அடுப்பை நிறுத்தி ஆறவிட்டால் பழைய துண்டு உதவாது, அதன் துளைகளில் திரவம் ஏறியிருக்கும். புதிதாகப் போடுங்கள்.

பாளை மாணவி:
குமிழை இறக்கி வைத்ததும் 56-க்கு வந்துவிட்டது அண்ணாச்சி! குதிப்பும் நின்றுவிட்டது. வாடை மட்டும் போகவில்லை. ரிசீவரைக் கார்க் போட்டு இறுக்கி அடைக்கலாமா?

கல்லிடை அண்ணாச்சி:
கூடவே கூடாது! எங்கேயாவது ஒரு திறப்பு இருந்தே ஆக வேண்டும். எல்லாம் அடைத்த கருவியைச் சூடேற்றினால் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

தென்காசி ஆய்வகம்:
எந்த நேரத்தில் வடிக்கிறீர்கள் தங்கச்சி? நம்ம ஊர் சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அது கண்டன்சரில் ஓடினால் அசிட்டோன் ஆவியை எப்படிக் குளிர்விக்கும்? ஒரு வாளியில் ஐஸ் தண்ணீர் வைத்து, கூலர் மோட்டாரால் சுற்றவிடுங்கள். தண்ணீர் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேற வேண்டும், அப்போதுதான் கண்டன்சர் உறை முழுக்க நிரம்பும். ரிசீவரையும் ஐஸில் வையுங்கள். அப்புறம், பக்கத்து மேசையில்கூட பர்னர் எரியக் கூடாது. அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனம், மேசையோடு தவழ்ந்து போய்த் தீப்பிடிக்கும்.

பாளை மாணவி:
மதியம்தான் அக்கா, தண்ணீர் கொதிக்கிறது. இனி காலையில் வைக்கிறேன். குடுவையில் எதுவரை வடிக்கலாம்?

தென்காசி ஆய்வகம்:
வெப்பம் 58-ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால் ரிசீவரை மாற்றிவிடுங்கள், அதோடு தண்ணீரும் சேர்ந்து வருகிறது என்று அர்த்தம். வறண்டுபோகும் வரை ஒருபோதும் விடாதீர்கள். கழுவிய அசிட்டோனைச் சேர்த்து வைக்கும் கழிவுக் கேனில் குளோரோஃபார்மோ பெராக்சைடோ யாரும் ஊற்றவில்லையே? கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அடுத்த முறை அடுப்பைப் போடுங்கள். அவை கலந்திருந்தால் அந்தக் கேனை வடிக்கவே வேண்டாம்.