வாந்தி நின்ற நாய்க்குட்டிக்கு எதை, எவ்வளவு, எப்போது கொடுப்பது?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டிற்கு இராஜபாளையம் இனக் குட்டி ஒன்று வந்து ஆறு நாட்கள் ஆகின்றன. வயது இரண்டு மாதத்தைச் சற்றுத் தாண்டியிருக்கும். எடை 4 கிலோவிற்குக் கொஞ்சம் மேல். வளர்த்தவர் வீட்டில் கேழ்வரகுக் கூழும் சோறும் தின்று பழகிய குட்டிக்கு, வந்த முதல் நாளிலிருந்தே பசும்பாலையும் கடையில் வாங்கிய உலர் தீவனத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டோம். மூன்றாம் நாள் இரவில் நான்கு முறை வாந்தி எடுத்தது. விடியற்காலையில் தண்ணீராகக் கழிந்தது. பொழுது விடிந்ததும் மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். அவர் மலத்தைப் பரிசோதித்து, குட்டிகளின் உயிரைப் பறிக்கும் குடல் தொற்றான பார்வோ நோய் இல்லை என்றார். தோலுக்கடியில் சலைன் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு, மாலையில் மீண்டும் பார்த்துவிட்டுக் குடற்புழு மருந்தும் கொடுத்தார்.

மறுநாள் வாந்தி இல்லை. ஆனால் பசியால் ஓயாமல் முனகியதைப் பார்த்து மனம் கேட்காமல் அம்மா ஒரு கிண்ணம் பால்சோறு வைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. இன்று காலையிலிருந்து வாந்தி இல்லை, வாலை ஆட்டுகிறது, மலம் மட்டும் இளகலாகவே போகிறது. இனி எதை, எவ்வளவு கொடுக்க வேண்டும்? பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நாட்கள் ஆகும்? பக்கத்து வீட்டுப் பாட்டி வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார்; மருந்துக்கடைக்காரர் பேதிக்கு ஒரு மாத்திரையைச் சொல்கிறார். முதல் தடுப்பூசி இன்னும் போடவில்லை என்பதால் அச்சமாக இருக்கிறது.

கோம்பைத்தோட்டம்:

இருபது ஆண்டுகளாக நாட்டு நாய்கள் வளர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் அம்மா செய்ததை நானும் பலமுறை செய்திருக்கிறேன். நோயிலிருந்து எழும் குட்டிக்குப் பசி முதலில் வந்துவிடும். குடல் தேறுவதற்கு அதன் பிறகும் சில நாட்கள் வேண்டும். ஆகவே குட்டி கேட்கும் அளவிற்குக் கொடுக்கக் கூடாது, குடல் தாங்கும் அளவிற்குத்தான் கொடுக்க வேண்டும். அதே சமயம், பெரிய நாயைப் போல ஒரு நாள் முழுவதும் பட்டினி போடவும் கூடாது. இந்த வயதில் உடலில் சேமிப்பு குறைவு. நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, குட்டி நடுங்கிச் சுருண்டு விழுந்துவிடும்.

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். நிறைந்த கிண்ணத்தை முன்னால் வைத்தால் தாகத்தில் மடமடவென்று குடித்து மீண்டும் கக்கும். காய்ச்சி ஆறவைத்த நீரை இரண்டு தேக்கரண்டி அளவில் கால் மணி நேரத்திற்கு ஒரு முறை வையுங்கள். அது இரண்டு மணி நேரம் உள்ளே தங்கிவிட்டால் உணவைத் தொடங்கலாம்.

பச்சரிசியைக் குழையக் குழைய வடித்து, தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியை நார் நாராகப் பிய்த்து, இரண்டு பங்கு சோற்றுக்கு ஒரு பங்கு கறி என்று பிசைந்துகொள்ளுங்கள். உப்பு, எண்ணெய், மிளகாய் எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. நம் வீட்டுக் குழம்புச்சட்டியிலிருந்து எடுத்த கறித்துண்டு இதனால்தான் ஆகாது. எலுமிச்சம்பழ அளவு உருண்டை ஒன்று, மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை. இரவு படுக்கும் முன் ஓர் உருண்டை கொடுக்கத் தவற வேண்டாம். வெறும் வயிற்றோடு விடிந்தால் மஞ்சள் நுரையாகப் பித்தம் கக்கும், நீங்கள் நோய் திரும்பிவிட்டது என்று பதறுவீர்கள். முதல் நாள் வாந்தி இல்லாமல் கழிந்தால் மறுநாள் உருண்டையைச் சற்றுப் பெரிதாக்கி, இடைவெளியையும் நீட்டுங்கள். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் மலம் கட்டுப்படும்.

பாலை மறந்துவிடுங்கள். தாய்ப்பால் மறந்த குட்டியின் குடலில் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துக் கழிச்சலாக்கும்.

மருந்தகத் திண்ணை:

நான் கால்நடை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். மேலே சொல்லப்பட்ட உணவு முறை சரியானதே. பெரும்பாலும் உணவு மாற்றமும் குடற்புழுவும் சேர்ந்த தொல்லையாகவே இது தெரிகிறது என்றாலும், குட்டியை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

பார்வோ பரிசோதனையில் இல்லை என்று வந்தது நல்ல செய்தி. ஆயினும் நோயின் தொடக்கத்திலும், கழிச்சல் மிகுந்து மலம் நீர்த்துப்போன நிலையிலும், கிருமி இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போவதுண்டு. தடுப்பூசி போடாத குட்டி என்பதால், சோர்வு, காய்ச்சல், நாற்றமெடுக்கும் இரத்தக் கழிச்சல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மறு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும்; நம் கைக்கு எப்போதும் சூடாகவே தெரியும் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்யாதீர்கள், ஆசனவாயில் வைக்கும் வெப்பமானியால் அளக்க வேண்டும். 103-ஐத் தாண்டினாலும் 99-க்குக் கீழ் இறங்கினாலும் காத்திருக்க வேண்டாம்.

நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையாவது மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு பிசுபிசுத்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். வெளுத்துக் கிடந்தால் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சியிருக்கலாம். குடித்த தண்ணீரும் உள்ளே தங்காமல் வந்தாலோ, வயிறு உப்பித் தொட்டால் அலறினாலோ, மாங்கொட்டை, எலும்பு, துணி போன்றவற்றை விழுங்கியிருக்கும் ஐயம் இருந்தாலோ இரவென்றும் பாராமல் கொண்டு செல்லுங்கள்.

மருந்துக்கடை மாத்திரையை வாங்க வேண்டாம். பேதியைக் கட்டும் மனித மருந்து குடலின் அசைவை அடக்கிக் கிருமியை உள்ளேயே நிறுத்திவிடக்கூடும். காய்ச்சலுக்கென்று பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் தூக்கிவருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். வசம்பு பிள்ளைவளர்ப்பான் என்று பெயர் பெற்றிருக்கலாம், நாய்க்குட்டிக்கு அதன் பாதுகாப்பான அளவு இன்னதென்று யாரும் வரையறுக்கவில்லை. பாட்டியிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குட்டி தானாக நக்கினால் சிறிது கொடுக்கலாம், ஆனால் சோர்ந்து கிடக்கும் குட்டியின் வாயில் எந்த நீரையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

குடற்புழு மருந்துக்குப் பின் மலத்தில் இடியாப்ப இழை போன்ற உருளைப்புழுக்கள் வந்தால் பதற வேண்டாம். அவை தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் புகுந்துவிடுபவை. இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒரு வேளை மருந்து தேவைப்படும். எடைக்கேற்ற அளவை உங்கள் மருத்துவரே சொல்வார். மலத்தை உடனுக்குடன் அள்ளி அப்புறப்படுத்துங்கள். அந்தப் புழுவின் முட்டை மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியது.

வேம்படி:

தயிரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் வயிறு கெட்ட குட்டிகளுக்குத் தயிர்சோறு கொடுத்துத்தான் தேற்றியிருக்கிறோம். இன்னொன்று: வீட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவினால் பார்வோ கிருமி செத்துவிடும் என்று நம்பி, ஒரு குட்டியை இழந்த மூன்றாம் மாதமே அதே முற்றத்தில் மற்றொரு குட்டியை விட்டு அதையும் பறிகொடுத்தோம்.

மருந்தகத் திண்ணை:

பாலைவிடத் தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு, ஆகவே பல குட்டிகள் தாங்கிக்கொள்ளும். ஆனால் கழிச்சல் நிற்காத நிலையில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், நாளை மலம் இளகினால் காரணம் எதுவென்று தெரியாமல் போகும். மலம் கட்டியான பிறகு ஒரு தேக்கரண்டி கொடுத்துப் பார்க்கலாம்.

பினாயிலைப் பற்றி நீங்கள் பட்டறிந்து சொன்னது சரி. பார்வோ கிருமி மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டு வரைகூட வீரியத்தோடு இருக்கும். கறையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, திரவ பிளீச்சிங் ஒரு பங்கிற்கு 30 பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசிக் காய்ந்த பிறகே குட்டியை விட வேண்டும். பினாயில் ஈரத்தை நக்கினால் அதுவே வாந்திக்குக் காரணமாகும்.

பொருநைக்கரை:

டாக்டருக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. கேள்வி எழுப்பி ஐந்து நாட்கள் ஆகின்றன. உருண்டைக் கணக்கை அம்மாவே கையில் எடுத்துக்கொண்டார்கள். குட்டி எவ்வளவு முனகினாலும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். இரண்டாம் நாள் ஆறு ஏழு புழுக்கள் வந்தன. நேற்றிலிருந்து மலம் கட்டியாகிவிட்டது, இன்று காலை செருப்பு ஒன்றைக் கடித்துக் குதறியது. உலர் தீவனத்தை எப்போது சேர்க்கலாம், தடுப்பூசி எப்போது போடலாம்?

மருந்தகத் திண்ணை:

நல்ல மலமாக இன்னும் ஒரு நாள் போகட்டும். பிறகு ஊறவைத்த தீவனத்தைக் கால் பங்கு, சோறும் கறியும் முக்கால் பங்கு என்று தொடங்கி, ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் மலம் இளகினால் முந்தைய அளவிற்கே திரும்பி இரண்டு நாள் அதையே தொடருங்கள். சோறும் கோழியும் மட்டும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் வளரும் எலும்பிற்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. முழுமையாகத் தேறியதை உங்கள் மருத்துவர் பார்த்த பிறகு முதல் தடுப்பூசி, அதன்பின் மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் நிறையும் வரை அடுத்தடுத்த ஊசிகள். அதுவரை தெருவில் இறக்கிவிடாதீர்கள். செருப்பை மட்டும் உயரத்தில் வையுங்கள், விழுங்கிய வாருக்காக மீண்டும் அதே மேசைக்குக் கொண்டுபோக வேண்டிவரும்.