மறு: ‘மிஸ்ஸிங் மிடில்’ என்பதற்குத் தமிழில் என்ன?

நண்பர்களே, வணக்கம். குழுக் கடனுக்கும் (நுண்கடன்) வங்கிக் கடனுக்கும் நடுவில் சிக்கிய சிறுதொழில்களின் நிலையை ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸிங் மிடில்’ (missing middle) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டதற்கு நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> “விடுபட்ட நடுத்தரம் என்றே வைத்துவிடலாம். பொருள் புரிகிறதே.”

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். நடுத்தரம் என்றதும் மாதச் சம்பளக் குடும்பம்தான் நினைவுக்கு வரும். நாம் பேர் தேடுவதோ, குழுக் கடனுக்குப் பெரிதாகவும் வங்கிக்குச் சிறிதாகவும் ஆகிப்போன தொழில்களின் நிலைமைக்கு. தொழில் கடைவீதியில் கண்ணெதிரே நடக்கிறது. அதன் அளவுக்கான கடனைத்தான் காணோம்.

குழுக் கடனில் இரண்டு தையல் மெஷின் வாங்கிய பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈடு கேட்கவில்லை, குழுவில் உள்ள மற்றவர்கள்தான் பொறுப்பு. பணம் கைக்கு வந்த சில நாளிலேயே வாரத் தவணை தொடங்கிவிடும். அன்றாடம் காசு புழங்கும் தையலுக்கு அது ஒத்துவரும். அப்புறம் ஓவர்லாக் மெஷின், காஜா மெஷின், நாலு ஆள், ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் என்று வளர்ந்தால் மூன்று நாலு லட்சம் வேண்டும். துணி வாங்கித் தைத்துக் கொடுத்து பில் பணம் வர மாதக்கணக்காகும். அதுவரை வாரத் தவணையை எதிலிருந்து கட்டுவார்? வங்கிக்குப் போனால் ஐடி ரிட்டர்ன் எங்கே, ஜாமீன் யார் என்பார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவதுதான் நுண்கடன். தொழில் நன்றாக ஓடினால் அந்த வரையறையை விட்டே வெளியே போய்விடுவார்! பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டஃப்லோ முதலானோர் நுண்கடன் பற்றி ஐதராபாத்தில் செய்த ஆய்விலும், ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள்தான் முதலீட்டைக் கூட்டினார்கள். பொதுவாகக் குடும்பங்களின் நுகர்வு பெரிதாக உயரவில்லை. ஆக, நுண்கடனை வைத்து வளரக்கூடியவருக்குத்தான் அடுத்த படி இல்லை.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’ (குழந்தை), அதற்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’ (வளரிளம் பருவத்தினர்) என்று பிரிவுகள். நாம் பேசும் இடம் அந்த கிஷோர்தான். ஆனால் திட்டத்தின் பேரைப் பொதுச்சொல்லாக்க முடியாது. தொழிலுக்கு வயசு சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘இடைக்கடன்’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் பெரிய கடன் வரும்வரை சமாளிக்க வாங்கும் இடைக்காலக் கடனோடு குழம்பும். ‘நடுக்கடன்’ என்று சொல்லிப் பார்த்தேன், நடுக்கடலில் விட்டதுபோல் இருக்கிறது. பொருத்தம்தான், ஆனாலும் வேண்டாம். பேச்சில் ‘ரெண்டுங்கெட்டான் தொழில்’ என்றால் யாருக்கும் உடனே புரியும். பழி தொழில் செய்பவர் தலையில் விழுவதால் அதையும் விடுகிறேன்.

என் பரிந்துரை: அந்தக் கடனுக்கு ‘நடுவளவுக் கடன்’, அது கிடைக்காத நிலைக்கு ‘நடுவளவுக் கடன் இடைவெளி’. “நுண்கடன் பரவிய ஊர்களிலும் நடுவளவுக் கடன் இடைவெளி அப்படியே இருக்கிறது” என்று எழுதினால் இடறவில்லை. நீளம் என்பவர்கள் மாற்றுச் சொல்லை இதே வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள்.