‘சோசல் கியூ’வுக்கு ஒரு சொல் வேணும், வெள்ளிக்கிழமைக்கு முன்

கிளிநொச்சியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட விசேட கல்வி அலகுப் பிள்ளைகளுக்காக ஒரு சின்னக் கைநூலைத் தமிழாக்கிறம். வரிசையில நிக்கிறது, மற்றவர் கதைச்சு முடிக்கும்வரை பொறுக்கிறது, முன்னால நிக்கிறவருக்கு அலுப்போ கோபமோ எண்டு பார்த்து அறியிறது, இவ்வளவும்தான் விசயம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கோணும்.

ஒராளின்ர மனநிலையை முகத்திலயும் உடம்பிலயும் காட்டுற அடையாளம்தான் ‘சோசல் கியூ’. அதுக்கு முதல் வரைவில ‘சமூக வரிசை’ எண்டு விழுந்திட்டுது. ஆக்கள் நிக்கிற கியூ, வால் எண்டு பொருள்படுற பிரெஞ்சுச் சொல். நாடகத்தில ‘இப்ப நீ பேசு’ எண்டு நடிகருக்குக் குடுக்கிற கியூ வேற, எங்கட கியூ அதுதான். தமிழில எழுதினா ரெண்டும் ஒண்டு. நூல் முழுக்க வரிசைக் கதையும் வாறதால பிழை கண்ணில படேல்ல. ‘அம்மாவின் சமூக வரிசையைக் கவனி’ எண்ட வசனத்திலதான் திடுக்கிட்டன். ஒரு நல்ல சொல் தாங்கோ.

முல்லைத்தீவிலிருந்து:

பிள்ளை, இதற்குப் புதுச்சொல் எதற்கு? குறிப்பு. வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரமும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் வைத்தார். அரசவையிலும் காதலிலும் வேண்டிய அறிவு ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்.’ உங்கள் கைநூல் முழுவதும் இந்த ஒரு குறளுக்குள் அடங்கும்.

வவுனியாவிலிருந்து:

ஐயா, குறள் சரி. ஆனா எட்டு வயதுப் பிள்ளைக்குக் குறிப்பு எண்டா ரீச்சர் கரும்பலகையில எழுதுறது. வீட்டில எண்டா சாதகக் குறிப்பு. ‘குறிப்பைக் கவனி’ எண்டு சொன்னா அது கொப்பியைத் திறக்கும். ‘அறிகுறி’ காய்ச்சலுக்குப் போயிட்டுது.

நான் ‘இங்கிதம்’ எண்டு சொல்லுவன். வடமொழியில இங்கிதம் எண்டா மனதில கிடக்கிறதை வெளிய காட்டுற அசைவு. தமிழுக்கு வந்து, அந்த அசைவை அறிஞ்சு நடக்கிற பண்பாகிப் போச்சு. கைநூல் சொல்லுற ரெண்டையும், அடையாளத்தையும் அதை அறிஞ்ச நடத்தையையும், ஒரு சொல்லே சுமக்குது. இப்பிடி ஒண்டு தானா அமையிறது அபூர்வம்.

முல்லைத்தீவிலிருந்து:

அழகிய விளக்கம், ஆனாலும் வடசொல். குறிப்பு என்ற நம் சொல் உயிரோடு இருக்க அதை ஏன் ஒதுக்க வேண்டும்? கொப்பியில் உள்ளதும் குறிப்பு, முகத்தில் உள்ளதும் குறிப்பு என்று கற்பிப்பதுதானே ஆசிரியர் வேலை? அது கடினமென்றால் ‘மெய்க்குறிப்பு’ என்க. தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடு சொன்னார். மெய்யில் படுவது மெய்ப்பாடு. மெய்யில் தெரிவது மெய்க்குறிப்பு.

வவுனியாவிலிருந்து:

பிள்ளைகளுக்கு மெய் எண்டா க், ங், ச், ஞ். வடசொல் எண்டு தள்ளுறதையும் நான் ஏற்கேல்ல ஐயா. தமிழ்நாட்டில இயற்பியல், வேதியியல் எண்டு மாத்திட்டினம். எங்கட பிள்ளைகள் இண்டைக்கும் பௌதிகவியலும் இரசாயனவியலும் தமிழிலதான் படிச்சு உயர்தரம் எழுதுதுகள். விளங்கின சொல்லைப் பறிக்கிறது அதுகளுக்குச் செய்யிற நன்மை இல்லை.

மாங்குளத்திலிருந்து:

நான் தமிழ் படிப்பிக்கிற ஆள் இல்லை. என்ர மகனுக்காகத்தான் இந்தக் கைநூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறன். ‘சாடை’ எண்டு போட ஏலாதா? ‘நான் சாடை காட்டினன், அவனுக்கு விளங்கேல்ல’ எண்டு நாங்கள் நாளாந்தம் சொல்லுறதுதானே.

எல்லாரும் முகம் முகம் எண்டு எழுதுறியள். கிளினிக் வரிசையில முகம் எங்க தெரியுது? முன்னால நிக்கிறவையின்ர முதுகுதான் தெரியும். போன மாதம் மகன் நேர நடந்து போய் ஒரு அம்மாவுக்கு முன்னால நிண்டிட்டான். அவ வாய் திறக்கேல்ல. பையை மற்றத் தோளுக்கு மாத்தினா, காலை ஒருக்கா முன்னுக்கு வைச்சா, மூச்சை இழுத்து விட்டா. அவ்வளவும் அவனுக்குப் பின்னால நடந்தது. அவனுக்கு அது பற்றி ஒண்டுமே தெரியாது. எனக்கு அழுகை வந்திட்டுது. இதுக்குச் சொல் வேணும் எண்டுதான் கேக்கிறன்.

வவுனியாவிலிருந்து:

தங்கச்சி சொன்னதுக்கு ஆய்வே இருக்கு. ஸ்டான்லி மில்கிரம் எண்ட உளவியலாளரும் கூட்டாளிகளும் நியூயோர்க்கில 129 வரிசைகளில வேணுமெண்டே ஆள் விட்டு நுழைய வைச்சுப் பார்த்து 1986இல வெளியிட்டவை. மறுப்புப் பெரும்பாலும் நுழைஞ்சவருக்குப் பின்னால நிண்டவையிட்ட இருந்துதான் வந்தது. அப்ப வரிசைப் பக்கத்தில ‘பின்னால திரும்பிப் பார்’ எண்டு ஒரு வசனம் கட்டாயம் போடுங்கோ.

சாடையில எனக்கு ஒரு தயக்கம். சாடை, காட்ட வேணுமெண்டு காட்டுறது. அந்த அம்மா காட்டேல்ல, அது அவவில தெரிஞ்சது.

புதுக்குடியிருப்பிலிருந்து:

வரிசையைப் பற்றி வன்னிக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. சங்கக்கடை வரிசை, ஓமந்தைச் சோதனைச்சாவடி வரிசை, 2009இல மெனிக் பாம் அகதி முகாமில தண்ணி வரிசை. தண்ணி கொண்டுவாற பவுசர் வர முன்னமே குடங்கள் நிரையாக் கிடக்கும். குடம் நிண்டா ஆள் நிண்ட மாதிரி. ஆரும் எழுதிவைச்ச சட்டமில்லை, ஆனா மற்றவையின்ர குடத்தைத் தள்ளி வைக்கிறவரை ஊரே பார்க்கும். 2022இல மண்ணெண்ணெய்க்குக் கான்களை வைச்சதும் அதே முறைதான். இந்தக் குடத்தையும் கைநூலில சேருங்கோ ரீச்சர். எங்கட பிள்ளை வெறும் குடத்தில ஒரு ஆளைப் பார்க்கவும் பழகோணும். சொல்லுக்கு நானும் சாடைக்குத்தான்.

முல்லைத்தீவிலிருந்து:

தம்பி ‘முறை’ என்றீர்கள். அங்கேதான் எனக்கு இன்னொரு முள். ‘வரிசை’ என்ற சொல்லே இந்த நூலுக்குப் பொருந்தாது. புறநானூறு 121இல் கபிலர் மலையமான் என்ற மன்னனிடம் ‘வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே’ என்கிறார். எல்லாரையும் ஒன்றாக நோக்கும் பொதுநோக்கை ஒழி என்றும் கேட்கிறார். அங்கே வரிசை என்பது தகுதியின் தரம். கிளினிக்கில் நமக்கு வேண்டியது அந்தப் பொதுநோக்கே. நிரை என்போம். அல்லது முறை.

மாங்குளத்திலிருந்து:

முறை வேண்டாம் ஐயா. ‘எனக்கு அவர் மாமா முறை’ எண்டு சொல்லித்தானே ஆக்கள் முன்னுக்குப் போகினம்.

கிளிநொச்சியிலிருந்து:

வியாழன் இரவு பத்து மணி. சாடைக்கு மூன்று பேர், என்னையும் சேர்த்து. இங்கிதத்துக்கு ஒருவர், குறிப்புக்கு ஐயா. பிள்ளைகளின்ர பக்கங்களில ‘சாடை’ எண்டு போடுறன். ‘காட்டுற சாடை, தெரியிற சாடை’ எண்டு ரெண்டு படம் கீறி, வவுனியா அக்காவின்ர தயக்கத்தைத் தீர்க்கப் பார்த்திருக்கிறன். பெற்றோருக்கான முன்னுரையில ‘குறிப்பறிதல்’ வருது. குடமும் ‘பின்னால திரும்பிப் பார்’ வசனமும் 14ஆம் பக்கத்தில. வரிசை வரிசையாகவே இருக்கட்டும், பக்கங்கள் அடுக்கியாச்சு.

வவுனியாவிலிருந்து:

படம் உதவும். ஆனா ‘தெரியிற சாடை’ எண்டு ஆரும் சொல்லி நான் கேக்கேல்ல. இங்கிதத்தை நான் விடேல்ல.

முல்லைத்தீவிலிருந்து:

அச்சேறட்டும் பிள்ளை. இரண்டாம் பதிப்பு வருமானால் ‘நிரை’ பற்றி மறுபடி எழுதுவேன். மாங்குளத்து மகனுக்கு ஒரு பிரதி என் செலவில் அனுப்புங்கள்.