டெஸ்: சாவியை மாத்தினாலும் ஃபைல் திறக்குது, அவசரம்

மன்னை_சக்தி:
மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி மில்லுக்குக் கணக்கு புரோகிராம் எழுதுறேன். ஃபைலை டெஸ் (DES)ங்கிற பழைய குறியாக்க முறை வச்சுப் பூட்டியிருக்கேன். தப்பான சாவி கொடுத்தாலும் திறக்குது! நாளைக்குக் காலையில கொண்டுபோய்க் கொடுக்கணும், யாராவது சொல்லுங்க.

கும்பகோணத்தான்:
எந்த மொழி? ஃபைலைத் துண்டு துண்டாப் பூட்டுற முறை ஈசிபியா, சிபிசியா? சாவியில எதை மாத்துனீங்க? ஒண்ணும் சொல்லாம எப்படிங்க பார்க்கிறது?

வெண்ணாறு:
பழைய சாவி மெமரியில தங்கியிருக்கும். மூடித் திறங்க.

ஐயாறு:
பேடிங் (கடைசித் துண்டை நிரப்புறது) கோளாறுதான், வேற எதுவும் இல்லை.

மன்னை_சக்தி:
மூடித் திறந்தாச்சு, அதேதான். பைத்தான், சிபிசி. சாவி எட்டு இலக்கம். கடைசி 8ஐ 9 ஆக்கினேன்.

மூத்தவர்:
1977ல வந்த டெஸ் தரநிலையை ஒரு தடவை புரட்டியிருந்தா இந்த இழையே வேண்டியதில்லை தம்பி. சாவி பார்க்க 64 பிட். ஒவ்வொரு பைட்லயும் கடைசி பிட் பாரிட்டி, அதாவது பிழை சரிபார்க்க மட்டும், பூட்டுறதுல சேராது. மிச்சம் 56. எழுத்துகளை பிட்டா எழுதுற ஆஸ்கியில 8க்கும் 9க்கும் அந்தக் கடைசி பிட் மட்டும்தான் வேற. 7 போட்டுப் பாருங்க, திறக்காது. வெறும் இலக்கமா வச்சா 0-1, 2-3ன்னு ஜோடி ஜோடியா ஒண்ணாயிடும். பத்துக் கோடி சாவின்னு நம்பியிருப்பீங்க, இருக்கிறது 3,90,625.

வெண்ணாறு:
அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏ கை வச்ச சைஃபர்ல (குறியாக்க முறையில) வேற என்ன எதிர்பார்க்கிறீங்க? ஐபிஎம்ல ஃபைஸ்டல் ஆரம்பிச்சு வந்த, டெஸ்ஸுக்கு மூலமான லூசிஃபர்ல 128 பிட் சாவி இருந்துச்சு. அதை 56ஆ வெட்டிட்டாங்க. எஸ்-பாக்ஸையும் (உள்ளே பிட்டுகளை வேற பிட்டுகளா மாத்துற அட்டவணை) மாத்துனாங்க.

கும்பகோணத்தான்:
சாவி சின்னதுங்கிறது நியாயமான குறை. 1998ல இணைய உரிமை அமைப்பு இஎஃப்எஃப் கட்டின மெஷின் 56 மணி நேரத்துல சாவியைக் கண்டுபிடிச்சிடுச்சு. எஸ்-பாக்ஸ் கதை நேர் எதிர். ஆய்வாளர்கள் பிஹாமும் ஷமீரும் வித்தியாசப் பகுப்பாய்வுங்கிற உடைக்கிற வழியை வெளியிட்டப்போ, 16 சுற்று டெஸ்ஸை உடைக்க அவங்களே தேர்ந்தெடுத்த 2இன் 47ஆம் அடுக்கு செய்திகள் தேவைப்பட்டுச்சு. டெஸ்ஸை வடிவமைச்ச ஐபிஎம் குழுவில இருந்த காப்பர்ஸ்மித் 1994ல எழுதினார்: அந்தத் தாக்குதல் 1974லயே எங்களுக்குத் தெரியும், அதைத் தாங்கத்தான் எஸ்-பாக்ஸை அமைச்சோம்னு. அது வரைக்கும் வெளியில சொல்லலை.

வெண்ணாறு:
இருபது வருஷம் மறைச்சவங்களை எப்படி நம்புறது? மட்சுயிங்கிற ஆய்வாளரோட நேரியல் தாக்குதலுங்கிற இன்னொரு வழிக்கு 2இன் 43ஆம் அடுக்கு செய்திகள் போதுமே!

கும்பகோணத்தான்:
அதுக்கு எதிரா அவங்க எஸ்-பாக்ஸைச் செதுக்கலை, அது உண்மை. ஆனா அதைப் பின்கதவுன்னு (ரகசியமா வச்ச ஓட்டைன்னு) சொல்ல முடியாது.

மன்னை_சக்தி:
7 போட்டேன், திறக்கலை. டெஸ்ஸுக்கு அப்புறம் வந்த ஏஇஎஸ்க்கு மாத்துறேன். மூத்தவர் ஐயாவுக்கு நன்றி.

கும்பகோணத்தான்:
அங்கேயும் எட்டு இலக்கத்தை அப்படியே சாவியா வைக்காதீங்க. நீளமான கடவுச்சொல் வாங்கி, சால்ட் (தற்செயலான பிட்டுகள்) சேர்த்து, கடவுச்சொல்லைச் சாவியாக்குற பிபிகேடிஎஃப்2 வழியா சாவி எடுங்க. ஏற்கெனவே பூட்டின ஃபைலையெல்லாம் திரும்பப் பூட்டுனீங்களா?

ஐயாறு:
சக்தி, இருக்கீங்களா?