சான்சிபார் பாசி: பாடுபடுறது பெண்கள், காசு ஏன் கையில நிக்கல?

பாம்பன்காத்து:
தான்சானியாவோட சான்சிபார் தீவுல கடல்பாசி வளர்க்குறவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேராவது பெண்கள்தான். நம்ம ராமேஸ்வரம் பக்கம் சம்பை, ஓலைக்குடாவுல போடுற அதே காப்பாபைகஸ்ங்கிற பாசி அங்கயும் இருந்திருக்கு. முப்பது வருசம் தாண்டியும் ஏன் முன்னேற்றம் இல்ல? சட்டம் தடுக்குதா, கடல் தடுக்குதா? சுயஉதவிக் குழுக் கூட்டத்துல பேசணும்.

ஓராமீன்:
முதல்ல கடல்தான். ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் அங்க நாலு மீட்டர் வரை வித்தியாசம், நம்ம பாக் நீரிணையில ஒரு மீட்டர்கூட வராது. அதனால 1989ல தொழில் ஆரம்பிச்சப்ப பாஜே, ஜம்பியானி கரையில அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணி வடிஞ்சதும் பெண்கள் நடந்தே போனாங்க. மணல்ல குச்சி அடிச்சு, ரெண்டு குச்சிக்கு நடுவுல கயிறு இழுத்து, கைப்பிடிப் பாசியா முடிஞ்சுவிட்டா போதும். படகும் வேணாம், நீச்சலும் வேணாம். தொழில் அவங்க கைக்கு வந்தது அதனாலதான், முழங்கால் தண்ணியிலயே மாட்டிக்கிட்டதும் அதனாலதான். ஆழமில்லாத தண்ணி சீக்கிரம் கொதிக்கும். காட்டோனி (காப்பாபைகஸுக்கு அங்க அதான் பேரு) தண்டு வெளுத்து, கணுக்கணுவா ஒடிஞ்சு போயிடும். 2013ல நம்ம பக்கமும் கூட்டமா அழிஞ்சுதே. இப்ப அங்க மிஞ்சினது பெரும்பாலும் ஸ்பினோசம்ங்கிற இன்னொரு பாசி. கொஞ்சம் சூடு தாங்கும், ஆனா அதுல இருந்து எடுக்குற கராஜீனன்ங்கிற கூழ்ப்பொருள் கெட்டியா உறையாது, விலையும் கம்மி. பத்து கிலோ ஈரப்பாசி காஞ்சா ஒரு கிலோ சொச்சம்தான் தேறும். கயிறும் விதையும் முன்கடனா வாங்கியிருந்தா, கொடுத்தவர்கிட்டதான் சரக்கைப் போடணும், அவர் சொன்னதே விலை.

தொண்டிக்கரை:
ஆழத்துக்குப் போக வழி இருக்கு அண்ணே. ஃப்ளவர் ம்சூயாங்கிற ஆராய்ச்சியாளர் அங்க குழாய்வலை முறையைப் பரப்பினாங்க. வலையைக் குழாயா தைச்சு, உள்ள பாசியைத் திணிச்சு, குளிர்ந்த தண்ணியில கட்டுறது. ஆனா அதுக்குப் படகு வேணும், படகு ஆம்பளைங்க கையில. சட்டம் இங்கதான் வருது. தான்சானியாவோட 1999 நிலச் சட்டங்கள் பெண்ணுக்குச் சம உரிமைன்னு எழுதியிருக்கு. வாரிசுன்னு வந்தா 1963 வழக்காற்றுச் சட்ட ஆணை குறுக்க நிக்கும். ஆனா இது ரெண்டுமே பெருநிலத்துக்குத்தான், சான்சிபாருக்குத் தனிச் சட்டம். அங்க பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒண்ணு. சொத்து கம்மின்னா படகுக் கடனுக்கு எதை அடமானம் வைக்கிறது?

பாம்பன்காத்து:
நம்ம தெப்பம் அங்க எடுபடுமா அக்கா?

தொண்டிக்கரை:
12க்கு 12 அடி மூங்கில் தெப்பம், 20 கயிறு, கயித்துக்கு 20 துண்டு, துண்டு 150 கிராம். மொத்தம் 60 கிலோ விதை, 45 நாள்ல அறுப்பு. ஓரா மீன் கடிக்காம அடியில வலை. அங்க ஓரத்துல போட்டா வத்தத்துல தரைதட்டிப் பாசி வெயில்ல காஞ்சுடும். ஆழத்துல போட்டா மறுபடி படகுதான்.

ஓராமீன்:
நம்ம பெண்கள் வல்லத்துல தீவுப்பக்கம் போய் மரிக்கொழுந்துங்கிற கடல்பாசிக்கு முங்குறாங்க, அதனால இங்க நீச்சல் தடையில்ல. 1986ல மன்னார் வளைகுடாவைக் கடல் தேசியப் பூங்காவா அறிவிச்சதுல இருந்து வனத்துறையோடதான் இழுபறி. அங்க இருக்குற தடையையும் இங்க இருக்குற தடையையும் ஒண்ணாக் குழப்பிடாதீங்க. அப்புறம், கூட்டத்துல காட்டோனின்னா யாருக்கும் புரியாது, 'பெப்சி பாசி'ன்னே சொல்லுங்க.