வசனம் ஒப்பிக்கிற பிள்ளை, ஆண்டவரோடு பேசப் பழகுவது எப்படி?

தூத்துக்குடி_அம்மா (கேள்வி)

மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மகள் சண்டே ஸ்கூல் பரீட்சையில் பரிசு வாங்குவாள். சங்கீதம் 23, 121 எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ராத்திரி குடும்ப ஜெபத்தில் "நீ ஜெபம் பண்ணு" என்றால் எப்போதும் ஒரே நாலு வரிதான்: "அன்பான இயேசப்பா, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம், அப்பா அம்மாவை ஆசீர்வதியும், நல்லாப் படிக்க ஞானத்தைத் தாரும், ஆமென்." மகன் இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிடுகிறான். இது போக, வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்ததிலிருந்து மகள் "நான் செத்தா பரலோகம் போவேனா?" என்று அடிக்கடி கேட்கிறாள். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிடாமல், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

ஞாயிறுபள்ளி_வாத்தியார்

சகோதரி, அந்த நாலு வரியைக் கேலி பண்ணிவிடாதீர்கள். பெரியவர்கள் ஜெபத்திலும் பாதி அப்படித்தான்.

முதல் கோளாறு நேரம். சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்குப் பாயில் உட்கார வைத்தால் ஆறு வயதுப் பையன் தூங்கத்தான் செய்வான். சாப்பாட்டுக்கு முன்னால், ஏழரை மணிக்கு வையுங்கள். மொத்தமே 12 நிமிடம் போதும். ஒரு பாட்டு, அதிலும் பல்லவியும் ஒரு சரணமும். 8 முதல் 10 வசனம். ஒரே ஒரு கேள்வி. ஜெபம் 3 நிமிடம். அப்பாவின் ஜெபம் மிஷனெரிகள், பேராயர், அத்தை வீட்டுக் கடன் என்று ஊரைச் சுற்றி வருவதற்குள் பிள்ளைகள் களைத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் பெரியவர்கள் பிறகு தனியாக வைத்துக்கொள்ளலாம்.

வாசிக்க மாற்கு சுவிசேஷம் எடுங்கள். 16 அதிகாரம்தான், சம்பவம் சம்பவமாக ஓடும். இந்த அளவில் போனால் ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். யோவான்ஸ்நானன் தலை வெட்டப்படுகிற பகுதியை (6:14-29) சின்னவனுக்காக இரண்டு வரியில் சொல்லித் தாண்டிவிடுங்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்குப் பழைய திருப்புதலின் (நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின்) தமிழ் சட்டென்று பிடிபடாது. முதலில் வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்லிவிட்டு அப்புறம் வாசியுங்கள்.

"இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். சண்டே ஸ்கூல் பிள்ளையிடம் அதற்கு "கீழ்ப்படியணும்" என்ற பதில் எப்போதும் கைவசம் இருக்கும். புயலடிக்கிறது, இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார் (4:38). "நீ அந்தப் படகில் இருந்தால் அவரை எழுப்பி என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்படித் தூங்குறீங்களே" என்று கோபமாகச் சொன்னாலும் சரி, சீஷர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். "அதையே இப்ப அவர்கிட்டச் சொல்லு" என்று விட்டுவிடுங்கள். அன்றைய ஜெபம் அதுதான்.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். "ஆண்டவரே, இவளுக்குக் கணக்கில் ஞானத்தைத் தாரும், செல்போன் பார்க்கிற பழக்கத்தை எடுத்துப்போடும்" என்று பிள்ளை காதில் விழும்படி ஜெபிக்கிற வழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. கண்ணை மூடிக்கொண்டு திட்டுவதற்குப் பெயர் ஜெபமா? அம்மா தன்னைப் பற்றி மேலிடத்தில் புகார் கொடுக்கும் நேரம் இது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அப்புறம் அந்த மேலிடத்தோடு அது மனசு விட்டுப் பேசாது.

தனி ஜெபத்துக்கு வேறு நேரம் கொடுங்கள். படுக்கப் போகுமுன் மகளுக்கு 3 நிமிடம், மகனுக்கு 1 நிமிடம். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சின்னவனுக்கு ஐந்து விரல் முறை உதவும்: கட்டைவிரலுக்கு வீட்டார், ஆள்காட்டி விரலுக்கு டீச்சர், நடுவிரலுக்கு ஊரை ஆளுகிறவர்கள், மோதிர விரலுக்கு நோயாளிகள், சுண்டுவிரலுக்குத் தான்.

செபமாலை_திருச்சி

நான் கத்தோலிக்கன். ஒரு விஷயத்தில் மட்டும் வாத்தியாரைவிட ஒரு படி மேலே போகிறேன்: மனப்பாட செபம் பிள்ளைக்கு அவசியமே. சொந்த வார்த்தை வராத நாளில், காய்ச்சலில், பயத்தில் அதுதான் கைகொடுக்கும். அளவு மீறும்போதுதான் வினை. ஆறு வயதுப் பையனைச் செபமாலையின் ஐந்து பத்து மணிகளும் முடியும்வரை முழங்காலில் வைத்தால் அதன் பெயரைக் கேட்டாலே ஓடுவான். ஒரு பத்து மணி போதும், நாலைந்து நிமிடத்தில் முடியும். எங்கள் பக்கம் 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் புதுநன்மைக்கு (பிள்ளை முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு) ஏறத்தாழ ஏழு வயது என்று வைத்தபோது, பிள்ளையிடம் முழு இறையியல் அறிவைக் கேட்கவில்லை. சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்தால் போதும் என்றார்.

மகளுக்குப் புனித இக்னேஷியஸ் வழி ஆன்ம ஆய்வை, அதாவது நாள் முடிவில் மனதைத் திரும்பிப் பார்ப்பதை, சுருக்கிச் சொல்லிக்கொடுங்கள். இன்று எதற்கு நன்றி, எங்கே தவறினேன், நாளைக்கு என்ன உதவி வேண்டும். மூன்றே கேள்வி. பதிலைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஐயரம்மா_பாளை

பரலோகக் கேள்வியை யாரும் தொடவில்லையே. தங்கச்சி, வி.பி.எஸ். கடைசி நாளில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றால் பக்கத்துப் பிள்ளை தூக்குவதைப் பார்த்து எல்லாப் பிள்ளையும் தூக்கும். முன்னால் நரகத்தைப் பற்றிப் பேசியிருந்தால் பயத்தில் தூக்கும். பிறகு "நான் சரியாகத் தூக்கினேனா?" என்ற சந்தேகம் வரும். மறுபடி மறுபடி பாவ அறிக்கை ஜெபம் சொல்ல வைத்தால் பயம் கூடும், குறையாது. தம் ஆடுகளைப் பற்றி இயேசு சொன்ன "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" (யோவான் 10:28) என்பதைக் காட்டி, பிடித்திருப்பது அவர் கை, நீ தூக்கிய கை இல்லை என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். திரும்பக் கேட்டால் அதே பதிலை அதே நிதானத்தோடு சொல்லுங்கள். வீட்டில் "பொய் சொன்னா இயேசப்பா அடிப்பார்" என்கிற பேச்சை, பாட்டி சொன்னாலும் சரி, நிறுத்துங்கள்.

கேட்டது கிடைக்காதபோது என்ன சொல்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். "நீ விசுவாசத்தோடு கேட்கவில்லை" என்று பிள்ளையிடம் ஒருநாளும் சொல்லாதீர்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசு கேட்டும் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. பவுல் மூன்று முறை வேண்டியும் அவரை வாட்டிய வேதனை, அவர் சொன்ன அந்த முள், போகவில்லை. சங்கீதம் 13ஐச் சேர்ந்து வாசியுங்கள், ஆறே வசனம்: இரண்டு முறையீடு, இரண்டு விண்ணப்பம், இரண்டு நம்பிக்கை. பத்து வயதுப் பிள்ளை அதே வரிசையில் தன் சொந்தச் சங்கீதம் எழுதலாம்.

ஒரு நோட்டும் கொடுங்கள். இடப்பக்கம் தேதியும் கேட்டதும், வலப்பக்கம் நடந்தது. "இல்லை", "இன்னும் தெரியவில்லை" என்பதையும் அவள் எழுதட்டும்.

தூத்துக்குடி_அம்மா

நன்றி. நோட்டை நாங்கள் பார்க்கலாமா? பரிசுக்காக வசனம் படிப்பதை நிறுத்தச் சொல்லணுமா?

ஐயரம்மா_பாளை

அவளாகக் காட்டினால் பாருங்கள். திருட்டுத்தனமாக ஒரு முறை பார்த்தாலும் அப்புறம் உங்களுக்காகத்தான் எழுதுவாள்.

ஞாயிறுபள்ளி_வாத்தியார்

பரிசு இருக்கட்டும். ஆனால் வாரம் மூன்று வசனம் என்று ஓடாமல் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒன்று வையுங்கள், முன்பின் ஐந்து வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பரீட்சை அட்டையில் ஒட்டுகிற பிலிப்பியர் 4:13ஐ எடுங்கள். 11, 12ஐப் பார்த்தால் பவுல் பேசுவது பசியிலும் குறைவிலும் மனரம்மியமாயிருப்பதைப் பற்றி, அதுவும் காவலில் இருந்துகொண்டு. மார்க் குறைந்த நாளிலும் அந்த வசனம் அவளுக்கு உதவும்.