ஆர்வி-7 கேனோபி: பின் ஓரம் படியமாட்டேங்குது

தோவாளைப் பக்கம் தகர ஷெட்டில் ஆர்வி-7 என்கிற சின்ன விமானத்தைக் கட்டுகிறோம். கேனோபி, அதாவது விமானி இருக்கைக்கு மேலே வரும் அக்ரிலிக் மூடி, டிப்-அப் வகை (முன்பக்கக் கீலில் மேலே தூக்கித் திறப்பது). பங்குனி வெயிலில் பொருத்தியபோது கச்சிதமாக இருந்தது. ஆடியில் இடப்பக்கப் பின் ஓரம் 4 மி.மீ. தூக்கிக்கொண்டது. அழுத்திப் பூட்டினால் இறங்கும், ஆனால் ஒரு திருகுத் துளையில் மயிரிழை விரிசல்.

விரிசல் முனையில் சின்னத் துளை போட்டோம், அதற்குமேல் ஓடவில்லை. அக்ரிலிக் அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விரியும் என்பதால் மற்றத் துளைகளைப் பெரிதாக்கித் திருகுகளைத் தளர்த்தியாச்சு. சட்டக் குழாயையும் லேசாக வளைத்தோம். தூக்கல் அப்படியேதான். ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு ஓரம் படபடக்குது, பார்க்கவே பயம்.

உள்பக்கம் ஃபைபர்கிளாஸ் பட்டை கொடுத்து வலுப்படுத்த எண்ணம். பாலியஸ்டர் ரெசின் அக்ரிலிக்கைக் கெடுக்கும், அது வேண்டாம். பட்டையை எபாக்சியில் இறுக்கி ஒட்டலாமா, சிக்காஃப்ளெக்ஸ் மாதிரி நெகிழும் பசைதான் சரியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.